காந்தம் காட்டினேன், முள் காட்டவில்லை

சென்ற இதழில் ஃபெர்ரோஃப்ளூயிட் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அடியில் காந்தத்தைக் கொண்டுபோனால் மேற்பரப்பெல்லாம் முள் முள்ளாக எழும்பும் கறுப்புத் திரவம், பள்ளி லேபிலேயே செய்யலாம் என்று. செய்து பார்த்திருக்கிறார்கள். முள் வராதவர்கள் அத்தனை பேரும் கடிதம் போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் வழக்கம்போல் மூச்சு விடவில்லை. பழனி மலைப் பக்கத்துக் கட்டு மட்டும் தனியாகக் கனத்தது. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கு.

கே: செய்முறைப்படிதான் செய்தோம். கறுப்பு வண்டல் வரும் என்று மாணவிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வந்தது செம்பழுப்பு. காந்தம் வைத்தால் அசையக்கூட இல்லை. மானம் போயிற்று.
— வேதியியல் ஆசிரியை, கொடைக்கானல்

ப: மானத்தை அப்புறம் தேடலாம், முதலில் ஃபெரஸ் இரும்பைத் தேடுங்கள். காணாமல் போனது அதுதான்.

நமக்கு வேண்டியது மேக்னடைட், அதாவது ஃபெரிக், ஃபெரஸ் உப்புக் கரைசல்களைக் கலந்து அம்மோனியா விட்டால் வீழும் கறுப்பு வண்டல். அதில் இரண்டு பங்கு ஃபெரிக் இரும்பும் ஒரு பங்கு ஃபெரஸ் இரும்பும் இருக்க வேண்டும். ஃபெரஸ் குறைந்தால் அம்மோனியா பாவம் என்ன செய்யும்? இருக்கிற ஃபெரிக்கைப் பிடித்து ஃபெரிக் ஹைட்ராக்சைடாக வீழ்த்தும். துருவுக்கு நெருங்கிய சொந்தம், பழுப்பு நிறம், காந்தத்தை மதிக்காது. உங்கள் பீக்கரில் இருப்பது அதுவே.

ஃபெரஸ் சல்பேட் பாட்டிலைத் திறந்து பாருங்கள். படிகம் இளம்பச்சையாக இருந்தால் நல்லது. ஓரமெல்லாம் மஞ்சள் பழுப்பேறியிருந்தால் காற்று உங்களுக்கு முன்பே சோதனையை முடித்துவிட்டது என்று அர்த்தம். லேபிளில் உள்ள தேதியை நம்பாதீர்கள், நிறத்தை நம்புங்கள். இதற்கு மாற்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. பிளஸ் டூ பிராக்டிகலில் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கிறீர்களே, அந்த மோர் உப்பு. ஃபெரஸ் சல்பேட்டைவிட அது காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். 2.78 கிராம் ஃபெரஸ் சல்பேட்டுக்குப் பதில் 3.92 கிராம் மோர் உப்பு எடுத்தால் கணக்கு சரி.

அடுத்து ஃபெரிக் குளோரைடு. அது இரண்டு வேடத்தில் வரும். நீர்மூலக்கூறு ஆறு சேர்ந்தது மஞ்சள் பழுப்புக் கட்டியாக இருக்கும். நீரற்றது கறுப்புக்கு நெருங்கிய கரும்பச்சை. மேலே சொன்ன அளவு ஃபெரஸ் உப்புக்கு முதலாவது என்றால் 5.4 கிராம், இரண்டாவது என்றால் 3.24 கிராம். லேபிளைப் படிக்காமல் நீரற்றதில் 5.4 கிராம் அள்ளிப் போட்டால் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்பது போய் ஏறக்குறைய மூன்றேகாலுக்கு ஒன்று ஆகிவிடும். மிச்சமெல்லாம் பழுப்பு. கடிதத்தில் 'ஃபெரிக் குளோரைடு 5.4 கிராம்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எது என்று எழுதவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

இன்னொன்று. ஃபெரஸ் கரைசலைக் காலைப் பிரேயருக்கு முன் கலக்கிவைத்து, ஏழாவது பீரியடில் எடுக்கக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டு, அம்மோனியா சேர்ப்பதற்குச் சற்றுமுன் கரையுங்கள். திறந்த பீக்கரில் செய்வதால் ஃபெரஸ் உப்பைப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே போடலாம். காற்றுக்கு அது மாமூல்.

கே: எனக்குக் கறுப்பு வந்தது! காந்தமும் இழுத்தது! ஆனால் எல்லாம் ஒரு பக்கமாகக் கட்டியாய் ஒட்டிக்கொண்டு மேலே வெறும் தண்ணீர் நிற்கிறது. முள் எங்கே?
— பிளஸ் டூ மாணவன், பெருமாள்மலை

ப: தம்பி, பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள், அதுவும் பெரிய பாதி. மேக்னடைட் தயார். திரவம்தான் தயாராகவில்லை.

அந்தக் கறுப்புத் துகள் ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் அளவு. அவ்வளவு சிறிது என்றால் தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்தே அதை மிதக்க வைத்துவிடும், அடியில் உட்கார விடாது. ஆனால் துகளைச் சும்மா விட்டால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூட்டமாகிவிடும். கூட்டம் கனக்கும், மூழ்கும். எனவே ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஸ்வெட்டர் போட வேண்டும். அதுதான் ஒலியிக் அமிலம். அதன் தலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பதினேழு கார்பன் கொண்ட நீண்ட வால் வெளியே நிற்கும். டிசம்பரில் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தடித்த ஸ்வெட்டர் போட்ட இருவர் எவ்வளவுதான் நெருங்கினாலும் நடுவே கம்பளி இருக்கிறதல்லவா, அதே கதை.

செய்ய வேண்டியது இது. கறுப்பு வண்டல் வந்தபின், அம்மோனியா வாடை இன்னும் இருக்கும்போதே, 80 டிகிரிச் சூட்டில் சுமார் ஒரு மில்லி ஒலியிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைமணி நேரம் கலக்க வேண்டும். கறுப்பெல்லாம் பிசுபிசுப்பாகத் திரண்டு தண்ணீரை விட்டுப் பிரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, மண்ணெண்ணெய் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு மண்ணெண்ணெய்? இங்கேதான் பெரும்பாலோர் தாராளம் காட்டிக் கெடுக்கிறார்கள். மேலே சொன்ன அளவுக்குக் கிடைக்கும் மேக்னடைட் அதிகபட்சம் 2.3 கிராம். அதை 5 மில்லி மண்ணெண்ணெயில் கரைத்தால் முள் வரும். 50 மில்லியில் கரைத்தால் கன அளவில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. திரவம் கறுப்பாக இருக்கும், காந்தத்தின் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். முள் என்பது ஒரு சண்டையின் முடிவு. காந்தப் புலம் திரவத்தை மேலே தூக்கப் பார்க்கிறது; புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் சமமாக அழுத்தப் பார்க்கின்றன. காந்தத்தின் கை ஒரு எல்லையைத் தாண்டி ஓங்கினால்தான் மேற்பரப்பு உடைந்து முள்ளாகும். கவுலி, ரோசன்ஸ்வைக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967ல் இந்த எல்லையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எல்லைக்குக் கீழே அரை முள், கால் முள் என்று எதுவும் கிடையாது. வெறும் மேடுதான்.

கே: ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதாதா?
— இல்லத்தரசி, வத்தலகுண்டு

ப: ஃப்ரிட்ஜுக்குப் போதும். முள்ளுக்கு நியோடைமியம் காந்தம் வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும். பாலித்தீன் உறை போட்டே பயன்படுத்துங்கள். திரவம் நேரே காந்தத்தில் பட்டால் அந்தக் காந்தம் ஆயுள் முழுக்கக் கறுப்புதான். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் குட்டி நியோடைமியம் காந்தங்களை எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷன் வரை போகும்.

கே: நான் பழனியில் வேதியியல் ஆசிரியை, என் தங்கை கொடைக்கானலில். ஒரே செய்முறைத் தாள், ஒரே கடையில் வாங்கிய பாட்டில்கள், பங்குபோட்டுக்கொண்டோம். எனக்கு முள் வந்தது, அவளுக்கு வரவில்லை. தண்ணீர் 93 டிகிரிக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது, அதனால்தான் என்கிறாள். சரியா?
— ஆசிரியை, பழனி

ப: தங்கையின் தெர்மாமீட்டர் சரி, தீர்ப்பு தப்பு.

பழனி கடல்மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலே, கொடைக்கானல் 2,100 மீட்டர். 300 மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். ஆகவே உங்களுக்கு 99, அவருக்கு 93. பருப்பு வேகத்தான் இது தொல்லை. மேக்னடைட் சாதாரண அறை வெப்பத்திலேயே உருவாகும், ஒலியிக் அமிலத்துக்கு 80 போதும். 93 தாராளம். வெந்நீரை விடுதலை செய்துவிடலாம். (பிரஷர் குக்கரில் வைத்துச் செய்யலாமா என்று தங்கை கடைசியில் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மோனியாவையா? குக்கரிலா? தயவுசெய்து அடுப்படியை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.)

குற்றவாளி பெரும்பாலும் ஒலியிக் அமிலப் பாட்டிலில் இருக்கிறான். ஒலியிக் அமிலம் 13, 14 டிகிரியில் உறையும். பழனியில் அது வாழ்நாளில் உறையாது. கொடைக்கானலில் குளிர்காலக் காலை எட்டு, ஒன்பது டிகிரி. லேப் அலமாரியில் இரவெல்லாம் இருந்த பாட்டிலில் பாதி கட்டி, பாதி திரவம். தங்கை மேலாக நின்றதை டிராப்பரில் உறிஞ்சியிருப்பார். கடையில் கிடைப்பது சுத்தமான ஒலியிக் அமிலமும் அல்ல. வேறு கொழுப்பு அமிலங்களும் கூடவே இருக்கும், அவை முதலில் உறைந்து கீழே போகும். மேலே எடுத்தது ஒன்று, கீழே கிடந்தது ஒன்று. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, முழுவதும் உருகியபின் குலுக்கி எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. அமிலம் கெட்டுப்போகவில்லை, தூக்கிப் போடவேண்டாம்.

துணைக் குற்றவாளி பனிமூட்டம். ஃபெரிக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துபோகும் சுபாவம் கொண்டது. மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து உட்காரும் ஊரில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எடை போட்டால் தராசில் பாதி எடை மேகத்தினுடையது. பாட்டில் வாயில் ஏற்கெனவே குழம்பாகியிருந்தால் அதை எடைபோட்டுப் பயனில்லை, புதுப் பாட்டில் திறக்க வேண்டும்.

கொடைக்கானலுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. குளிரில் அம்மோனியா கரைசலை விட்டு எளிதில் ஓடாது. பழனி வெயிலில் நாலு மாதம் திறந்து மூடிய பாட்டிலில் வாடை மட்டும் மிச்சமிருக்கும். ஆனால் குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு அம்மோனியா ஊற்றக் கூடாது. ஸ்வெட்டர் துகளுக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

கே: அம்மோனியாவை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். தப்பா?
— ஆர்வமிக்க மாணவி, கொடைக்கானல்

ப: தப்புதான். ஊற்றிய இடத்தில் கெட்டிக்கட்டியாக வீழ்ந்து, சின்னது பெரியது என்று துகள்கள் கலந்துவிடும். கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடமாவது எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கடைசியில் லிட்மஸ் நன்றாக நீலமாகவும் வேண்டும். பாதியில் நிறுத்தினாலும் பழுப்புதான்.

கே: மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கரைத்தேன். முள் வந்தது. காந்தத்தை எடுத்தபிறகும் முள் போகவில்லை! கண்டுபிடிப்பா?
— கல்லூரி மாணவர், பண்ணைக்காடு

ப: சிற்பம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சாயங்காலம் உங்கள் ஊரில் அதற்குமேல் இருந்தால்தான் ஆச்சரியம். தற்செயலானாலும் அழகான சோதனை. போட்டோ எடுத்து வையுங்கள். திரவமாகவே இருக்க வேண்டும் என்றால் நல்லெண்ணெய் உறையாது, ஆனால் மண்ணெண்ணெயைவிடக் கெட்டி. முள் மெதுவாக எழும், மெதுவாக இறங்கும். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு எரியக் கூடாது. சூடாக்குவதெல்லாம் அதைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கே: எதற்கு இவ்வளவு பாடு? இரும்பு அரத்தூளை எண்ணெயில் போட்டால் ஆயிற்று.
— பட்டறை உரிமையாளர், ஒட்டன்சத்திரம்

ப: காந்தம் இருக்கும்வரை ஜோராக நிற்கும். எடுத்தால் ஐந்து நிமிடத்தில் அடியில் படியும். உங்கள் அரத்தூள் நம் துகளைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிது. ஆனால் இதையும் பயனில்லை என்று தள்ள முடியாது. மைக்ரான் அளவு இரும்புத் துகளை எண்ணெயில் கலந்தால் காந்தப் புலத்தில் அது கெட்டியாகும். விலையுயர்ந்த கார்களின் ஷாக் அப்சார்பரில் வேலை செய்வது அந்த வகைதான். முள்ளுக்கு அது ஆகாது.

கே: லேசர் பிரிண்டர் டோனரைச் சமையல் எண்ணெயில் கலந்தால் ஃபெர்ரோஃப்ளூயிட் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். எங்கள் டோனர் அசையவில்லையே?
— கம்ப்யூட்டர் சென்டர், பழனி

ப: எல்லா டோனரிலும் இரும்பு ஆக்சைடு கிடையாது. காசோலை அச்சடிக்கும் காந்த டோனரில் உண்டு, வேறு சில மாடல்களிலும் உண்டு. உங்களுடையதில் இல்லை. இருந்தாலும் அது அரத்தூளுக்குத் தம்பி முறைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப மூடிவையுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கே: ஒலியிக் அமிலம் வேண்டாம், டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் தண்ணீரிலேயே முள் வரும் என்று வெளிநாட்டுச் செய்முறை சொல்கிறது. ஆர்டர் போடலாமா?
— தனியார் பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

ப: வேண்டாம். முள் வரும், உண்மை. அமெரிக்கக் கல்லூரி லேபுகளில் அதை வைத்துத்தான் செய்கிறார்கள். அவர்கள் புகைபோக்கி அலமாரிக்குள், கையுறை மாட்டிக்கொண்டு செய்வதை நாம் பென்ச்சின்மேல் துண்டை விரித்துச் செய்வோம். 25 சதவீதக் கரைசல் தோலில் பட்டாலே உடம்புக்குள் இறங்கி மூச்சை நிறுத்தக்கூடியது. தைவானில் மின்னணு ஆலைத் தொழிலாளர்கள் அப்படி இறந்திருக்கிறார்கள். ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். இதில் எனக்கு நகைச்சுவை வரவில்லை.

கே: போகர் சித்தர் ஒன்பது பாஷாணத்தைக் கட்டிப் பழனி முருகன் சிலையே செய்தாராம். எங்களால் இரண்டு உப்பைக் கலக்க முடியவில்லையே?
— பாதயாத்திரைக்காரர், தாராபுரம்

ப: போகருக்கு நாற்பது நிமிடப் பீரியடு கிடையாது.

கே: மழை விட்டபிறகு எங்கள் ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் தூள் கொத்துக் கொத்தாக ஒட்டுகிறது. அதுவும் மேக்னடைட்தானே? நேரே அதையே எடுத்துக்கொண்டால்?
— காபித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

ப: பெரும்பாலும் மேக்னடைட்தான். உங்கள் மலைப் பாறையில் அது இயல்பாகவே கலந்திருக்கிறது. சேலம் பக்கத்துக் கஞ்சமலை இதே தாதுவுக்குப் பேர்போனது. அளவுதான் இடிக்கிறது. ஓடை மணலை நானோ அளவுக்கு அரைக்க அம்மி போதாது.

ஆனால் உங்கள் யோசனை ஒருவருக்கு முன்பே வந்திருக்கிறது. 1963ல் நாசாவில் ஸ்டீவ் பேப்பெல் என்ற பொறியாளர் மேக்னடைட்டை ஒலியிக் அமிலத்தோடு பந்து ஆலையில் வாரக்கணக்கில் அரைத்துத்தான் முதல் ஃபெர்ரோஃப்ளூயிட்டை உண்டாக்கினார். எடையில்லாத வெளியில் ராக்கெட் எரிபொருள் தொட்டிக்குள் அங்குமிங்கும் மிதக்குமே, அதைக் காந்தத்தால் குழாய்ப் பக்கம் இழுக்கலாம் என்று திட்டம். ராக்கெட்டுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. திரவம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒலிபெருக்கியின் சுருளைச் சூடாகாமல் காக்கிறது; சுழலும் தண்டைச் சுற்றி நின்று தூசியும் காற்றும் புகாமல் அடைக்கிறது. நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காந்த நானோதிரவத்தின் நிறமாற்றத்தை வைத்து இரும்புப் பொருளுக்குள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வெடிப்புள்ள இடத்தில் காந்தப் புலம் கசியும், திரவம் அங்கே வேறு நிறம் காட்டும்.

கே: பழுப்பு வந்தாலும் ரெக்கார்டு நோட்டில் 'கறுப்பு வீழ்படிவு கிடைத்தது' என்று எழுதினால்தான் மார்க் என்கிறான் என் நண்பன். எழுதட்டுமா?
— பிளஸ் ஒன் மாணவி, கொடைக்கானல்

ப: நம் ஊர் ரெக்கார்டு நோட்டில் இதுவரை எந்தச் சோதனையும் தோற்றதில்லை. உலகத்திலேயே இப்படி ஒரு சாதனை வேறு எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் கிடையாது. பழுப்பு என்றே எழுதுங்கள். எத்தனை கிராம், எந்த பாட்டில், அன்று மூட்டமா வெயிலா, எத்தனை டிகிரி என்பதையும் கீழே எழுதுங்கள். 'கறுப்பு' என்று எழுதிய நண்பனுக்கு எது கெட்டது என்று நான் இங்கிருந்து சொல்லவே முடியாது. உங்களுக்குச் சொல்லமுடியும்.

உங்கள் ஊர் வான் ஆய்வகத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1908ல் அமெரிக்காவில் வானியலாளர் ஹேல், சூரியப் புள்ளிகளுக்குள் பலமான காந்தப் புலம் இருப்பதைக் கண்டார். புள்ளிக்குள் வாயு சுழன்றுகொண்டிருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் கொடைக்கானலில் எவர்ஷெட் நிறமாலையை எடுத்துப் பார்த்தார். சுழற்சி இல்லை; புள்ளியின் மையத்திலிருந்து நாலாபக்கமும் வெளியே பாயும் ஓட்டம்தான் தெரிந்தது. எதிர்பார்த்ததை எழுதாமல் தெரிந்ததை எழுதினார். இன்றைக்கும் பாடநூலில் அது எவர்ஷெட் விளைவுதான். அவரும் 'சுழற்சி கிடைத்தது' என்று எழுதியிருந்தால் மார்க் வந்திருக்கும்.

கே: சூரியப் புள்ளி அவ்வளவு பெரிய காந்தம் என்றால், அங்கே ஃபெர்ரோஃப்ளூயிட்டைக் கொண்டுபோனால் எவ்வளவு பெரிய முள் வரும்?
— எட்டாம் வகுப்பு, பெரியகுளம்

ப: முள்ளே வராது கண்ணா. புள்ளியின் பலம் ஏறக்குறைய 3,000 காஸ். உங்கள் லேபில் இருக்கும் நியோடைமியம் காந்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மேக்னடைட்டோ 585 டிகிரியில் காந்தத் தன்மையை இழந்துவிடும். சூரியப் புள்ளி, சூரியனின் மேற்பரப்பிலேயே குளிர்ந்த இடம், சுமார் 4,000 டிகிரி. மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கே: காந்தமே இல்லாமல் பூமியின் காந்தப் புலத்தில் முள் எழாதா?
— அதே எட்டாம் வகுப்பு

ப: விடமாட்டாய் போலிருக்கிறது. உங்கள் பக்கத்தில் பூமியின் புலம் 0.4 காஸ், நியோடைமியம் காந்தத்தில் சுமார் 7,500ல் ஒரு பங்கு. அதுவும் நம் தென்கோடியில் காந்த நடுக்கோடு பக்கத்திலேயே ஓடுவதால் புலம் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் போகிறது. முள்ளைத் தூக்க நிமிர்ந்த புலம் வேண்டும். அடுத்த கேள்வியை அடுத்த மாதம் கேள்.

கே: சோதனை தோற்றால் தோற்றதை என்ன செய்வது? லேபுக்குப் பின்னால் சரிவில் கொட்டிவிடலாம் என்கிறார் அட்டெண்டர்.
— ஆசிரியர், கொடைக்கானல்

ப: சரிவில் கொட்டியது சரிவிலேயே நிற்காது என்பதை உங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துப் பாருங்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததுதான் விஷயத்தை வெளிக்கொண்டுவந்தது. ஆலைக்குப் பின்னால் இறங்கும் சரிவு பாம்பார் சோலை. மண்ணைச் சுத்தம் செய்யும் சர்ச்சை ஆலை மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை. நம்முடையது பாதரசம் இல்லை, வெறும் இரும்பும் அம்மோனியாவும். ஒப்பிடவே முடியாத அளவு சின்னது. ஆனாலும் மலைமேல் கொட்டுகிறவர் கீழே குடிக்கிறவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை கடினமில்லை. பழுப்போ கறுப்போ, வண்டலைத் தெளியவிட்டு வடிகட்டிக் காயவைத்து, தாளில் மடித்துத் திடக் கழிவில் சேருங்கள். கறுப்பாக இருந்தால் அடியில் காந்தம் வைத்தால் சீக்கிரம் தெளியும். மேலே நிற்கும் அம்மோனியாத் தண்ணீரில் வினிகர் விட்டு லிட்மஸ் நீலம் காட்டாத நிலைக்குக் கொண்டுவந்து, நிறையத் தண்ணீரோடு கழிவுக் குழாயில் விடலாம். மண்ணெண்ணெய் சேர்ந்த எதுவும் குழாய்க்குப் போகக் கூடாது. லேபிள் ஒட்டிய ஒரு மூடி பாட்டிலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தோற்றுப்போன ஃபெர்ரோஃப்ளூயிட் தண்டமும் இல்லை. மண்ணெண்ணெய் கூடிப்போய் முள் வராததை, திறந்த ஜன்னல் பக்கம் நெருப்பில்லாத இடத்தில் அகலத் தட்டில் வைத்தால் ஆவியாகிச் சுண்டும். நாலைந்து நாளில் முள் வந்தாலும் வரும்.

கே: ஆன்லைனில் சின்ன பாட்டில் ஃபெர்ரோஃப்ளூயிட் கிடைக்கிறதே. வாங்கிக் காட்டிவிட்டுப் போகலாமே?
— பெற்றோர், பழனி

ப: போகலாம். முள் உறுதி. பழுப்பு ஏன் வந்தது என்று எனக்குக் கடிதம் எழுத முடியாது, அவ்வளவுதான் நஷ்டம்.

வாசகர்களுக்கு: அடுத்த முறை எழுதும்போது 'சோதனை வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டலின் நிறம், ஃபெரிக் குளோரைடு பாட்டில் லேபிளில் உள்ள முழுப்பெயர், எத்தனை கிராம், அறையின் வெப்பம், மண்ணெண்ணெய் எத்தனை மில்லி, எந்தக் காந்தம் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். முள் வந்தவர்களும் எழுதலாம்.